ஏரோப்ளேன் ஸ்டாப்

எங்கள் டெப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் குரலுக்காக "கணீரம்மா" என்றார்கள். நெரிசல் நேரத்தில் வண்டியின் பின்படியில் நின்று அவர் "உள்ள போங்க, நடுவுல காலியா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னால் போதும், முன்படியில் தொங்குகிறவனும் உள்ளே போய்விடுவான். மகன் விமானப்படையில் சேர்ந்த வாரத்தில் அந்தப் பெயர் போய் "பைலட்டம்மா" வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. மாற்றியிருக்க வேண்டும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

நான் அவரோடு ஒரே வண்டியில் ஓடிய டிரைவர். டிரைவரும் கண்டக்டரும் ஒரு வகையில் குடும்பம்தான். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டே பேசுகிற குடும்பம். அவர் முகத்தை நான் நேரில் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பார்த்ததுதான் அதிகம்.

அவர் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் தெருவுக்குத் தெரு வால்வு திறந்து மூடுகிறவர். இரும்புச் சாவியை சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு விடியும் முன் கிளம்பிவிடுவார். பேச்சு குறைவு. "அவரு வாயைத் திறக்கிறதுக்கும் ஒரு சாவி குடுத்திருக்கலாம்" என்பார் பைலட்டம்மா. ஒரே பையன். அம்மா வண்டியில் ஓசியில் வந்து பள்ளிக்கூடம் போன பையன். பரீட்சை எழுதி, உடம்புச் சோதனையில் தேறி, இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டு, மூன்றாவது தடவை உள்ளே போனான். அவன் போர் விமானம் ஓட்டுகிறான் என்று தெரிந்த அன்று டெப்போ முழுக்க டீ அவர் செலவு. "பஸ்ஸுல பின்னாடி நிக்கிறவ பெத்தது, பிளேன்ல முன்னாடி உக்காந்திருக்குது" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

இடது காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். பல வருட இஞ்சின் இரைச்சல் செய்த வேலை. அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஸ்டாண்டில் வண்டி நிற்கிற நேரத்தில் பையன் கூப்பிடுவான். கேட்க வேண்டாம் என்றாலும் காதில் விழும்.

"என்னடா சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்மா. கெழவி இன்னிக்கு நல்ல மூடுல இருந்தா. ஒரு தொல்லையும் குடுக்கல."

"யாருடா கெழவி?"

"என் பிளேன்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். உன்னைவிட மூத்தவ அவ."

"என்னைவிட மூத்ததையா ஓட்டுற? புதுசு ஒண்ணு குடுக்கச் சொல்லேண்டா."

"வருதாம்மா. நான் சேந்ததுலேருந்து வந்துகிட்டே இருக்கு. ஸ்டாண்டுல நிக்கிறவங்ககிட்ட நீ சொல்லுவியே, பின்னாலயே ஒரு வண்டி காலியா வருதுன்னு. அதே வண்டிதான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த விமானங்கள் அவ்வப்போது எங்கேயாவது விழுவது எங்களுக்குத் தெரியும். பேப்பரில் வரும். விழுந்த மறுநாள் மந்திரி ஒருவர் பழைய விமானங்கள் படிப்படியாக மாற்றப்படும் என்று சொல்வார். அந்தப் படி எத்தனை உயரம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அன்று மத்தியான நேரம். வண்டியில் கூட்டம் அதிகமில்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். பைலட்டம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். ஸ்பீக்கரில் போடவில்லை. பேசி முடித்துப் போனைப் பைக்குள் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், மீதிச் சில்லறையைக் கையில் வைத்தார். பிறகு ஒரு நீள விசில். ஸ்டாப் இல்லாத இடத்தில் அவர் விசில் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஓரம் கட்டினேன்.

முன்னால் வந்து, "அண்ணே, நான் இங்க எறங்கிக்கிறேன். பையை டெப்போல குடுத்துடுங்க" என்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"பையன் ஆபீஸ்லேருந்து போன். என் வீட்டுக்காரரு எடுக்கலையாம். அதான் எனக்குப் பண்ணிருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரல் எப்போதும்போலத் தெளிவாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "என்னப்பா, நடுரோட்டுல நிறுத்திக் கதை பேசிகிட்டிருக்கீங்க, ஜனங்க வேலைக்குப் போக வேணாமா" என்றார். அவருக்கென்ன தெரியும். நான் பைலட்டம்மாவை என் பக்கத்து இஞ்சின் மூடிமேல் உட்கார வைத்தேன். வண்டியைத் திருப்பி, எங்கள் ரூட்டிலேயே இல்லாத ஒரு தெருவுக்குள் விட்டு, அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். சத்தம் போட்டவர் உட்பட யாரும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

பெட்டி வந்தது. மூடியே வந்தது, மூடியே போனது. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்த பெரிய அதிகாரி கூட்டத்துக்கு முன்னால் நின்று, "கீழே வீடுகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, கடைசி நிமிஷம் வரை விமானத்தை விட்டு வெளியேறாமல் அதை வெட்டவெளிக்குத் திருப்பினார். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்" என்றார். தெரு முழுக்க அழுதது. பைலட்டம்மா அழவில்லை. அந்த வார்த்தைகளைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை முடிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. முடிவு முதலில் வீட்டுக்கு வரவில்லை. டிவியின் அடியில் ஓடுகிற எழுத்தில்தான் வந்தது. மனிதத் தவறு. விமானி உரிய நேரத்தில் வெளியேற முடிவெடுக்கவில்லை, கோளாறை எதிர்கொண்ட முறையும் சரியில்லை. அந்தக் கோளாறு ஏன் வந்தது என்பதற்கு எழுத்து ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓர் இளம் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நானும் போயிருந்தேன். மடிப்புக் கலையாத சட்டை, பணிவான பேச்சு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அதெல்லாம் டெக்னிக்கல் வார்த்தைம்மா. பெருசா எடுத்துக்காதீங்க" என்றார்.

பைலட்டம்மா கேட்டார்: "அன்னிக்கு ஊரைக் காப்பாத்த உள்ளயே நின்னான்னு சொன்னீங்க. இப்ப நேரத்துல வெளிய வரலைன்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே தம்பி? ஒரே காரியத்துக்குப் பாராட்டும் குடுத்துட்டு, பழியும் போட்டா எப்படி?"

வீட்டுக்காரர்தான் குறுக்கே வந்தார். "விடு. அவரு என்ன செய்வாரு, சொல்லி அனுப்புனதைச் சொல்றாரு."

அதிகாரி கிளம்பும்போது அவரோடு வெளியே போய் வண்டி வரைக்கும் விட்டுவிட்டு வந்தவரும் வீட்டுக்காரர்தான். திரும்பி வந்து, "நல்ல புள்ள. நம்ம பையனுக்கு ஜூனியராம்" என்றார். பைலட்டம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் வேலைக்கு வந்தார். வராமல் என்ன செய்வது. விசில் அடித்தார், டிக்கெட் கிழித்தார், படியில் நிற்கிறவர்களை உள்ளே தள்ளினார். குரல் மட்டும் ஒரு கட்டை இறங்கியிருந்தது.

எங்கள் ரூட்டில் மாவு மில் என்று ஒரு ஸ்டாப் உண்டு. நான்கு ரோடு சேருகிற இடம். மில்லை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஸ்டாப்புக்குப் பெயர் மட்டும் நின்றுபோனது. அந்த நாற்சந்தியில், பழுதாகிக் கிடந்த செயற்கை நீரூற்றை எடுத்துவிட்டு ஒரு விமானத்தை நிறுத்துவது என்று நகராட்சித் தலைவருக்கு யோசனை வந்தது. பையன் ஓட்டிய அதே வகை. அந்த வகையிலேயே ரொம்பப் பழசானவற்றை மட்டும் அப்போதுதான் ஓரங்கட்டியிருந்தார்கள். மீதி எல்லாம் பறந்துகொண்டுதான் இருந்தன, புதுசு வருகிறவரைக்கும் என்று.

தலைவர் வீட்டுக்கே வந்து அழைத்தார். "நம்ம ஊர்ப் புள்ளைக்கு நாம செய்யுற மரியாதைம்மா. நீங்கதான் திறந்து வைக்கணும்."

"அவனைக் கொன்னதையே கொண்டாந்து நிறுத்துறது மரியாதையாங்க?" என்று கேட்டார் பைலட்டம்மா.

வீட்டுக்காரர், "வரோங்க. ரெண்டு பேரும் வரோம்" என்று சொல்லி அனுப்பினார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நாங்கள் அந்த வழியாகப் போனபோது கிரேன் வைத்து விமானத்தைக் கம்பத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் வண்டியை விட்டு இறங்கி நின்று பார்த்தோம். புதுசாக வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தது. வால் பக்கம் ஒரு பெரிய ஓட்டை. உள்ளே இருட்டாக இருந்தது. பைலட்டம்மா அங்கே நின்ற மெக்கானிக்கிடம், "உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"இல்லம்மா. இஞ்சின், கருவி எல்லாம் கழட்டியாச்சு. பறக்குற மத்த பிளேனுக்கு ஸ்பேர் வேணுமே. இதுக்கெல்லாம் இப்ப புதுசா யாரும் பார்ட்ஸ் செய்யறதில்ல. ஒண்ணைக் கழட்டித்தான் இன்னொண்ணுல மாட்டுறோம்." அவர் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பைலட்டம்மா வண்டியில் ஏறி விசில் கொடுத்தார். போக்குவரத்து இன்னும் திறக்கவில்லை. "எங்கம்மா போறது?" என்றேன். அவர் இன்னொரு விசில் கொடுத்தார்.

விழா நடந்தது. பேனரில் தலைவர் ஆளுயரத்துக்கு நின்றார். பையன் மூலையில் வட்டத்துக்குள் இருந்தான். பேசியவர்கள் எல்லோரும் வீரன், தியாகி என்றார்கள். மனிதத் தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. தலைவர் பேசும்போது, பழைய விமானங்களுக்கு விடைகொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது, புதிய விமானங்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்றார். மேடையில் பட்டனை அமுக்கியது வீட்டுக்காரர்தான். பைலட்டம்மா பக்கத்தில் நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

ஒரு மாதத்தில் மாவு மில் என்ற பெயர் செத்துப்போனது. எல்லோர் வாயிலும் ஏரோப்ளேன் ஸ்டாப். காதலிக்கிறவர்கள் அங்கே சந்தித்துக்கொண்டார்கள். கல்யாண ஜோடிகள் இறக்கைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்தார்கள். வண்டியில் ஏறுகிறவர்கள், "ஏரோப்ளேன் ஒண்ணு" என்று சில்லறையை நீட்டினார்கள். பைலட்டம்மா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஸ்டாப் வரும்போது மட்டும், "மாவு மில் எறங்கு" என்பார்.

வீட்டுக்காரர் கதை நேர் எதிர். சாயங்காலம் ஆனால் அவர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். இது எனக்கு ஒரு விடுமுறை நாளில்தான் தெரிந்தது. நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் வாளியும் நீளக்கம்பில் கட்டிய துணியுமாக வந்தார்.

"குளிப்பாட்டியாச்சா?" என்றார் பைலட்டம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

"காக்கா எச்சம் போட்டு வச்சிருக்கு. பாக்கச் சகிக்கல."

"பெத்த புள்ளையை முழுங்குனவளுக்குப் பணிவிடை வேற. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்குத்தான் அவர் தொடர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசி நான் கேட்டேன். "பெட்டியைத் தெறக்க விட்டாங்களா? அவன் கையைக் காலை நான் பாத்தேனா? அவன் கடைசியா உக்காந்த மாதிரி ஒரு நாற்காலி அதுக்குள்ள இருக்கு. எனக்குப் போய் உக்கார ஒரு எடம் வேணும். உனக்கு வேணாம்னா நீ வராத."

பைலட்டம்மா தலை நிமிரவில்லை. கீரையின் நல்ல இலைகளையும் சேர்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் புகார் வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் ஏரோப்ளேன் ஸ்டாப்பைத் தவறவிட்டு, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், போக வேண்டிய நேர்முகத் தேர்வுக்குப் போக முடியவில்லையாம். அவர் பக்கமும் நியாயம்தான். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா வண்டியில ஏறுறவனுக்கு என்ன தெரியும்? பேரைச் சொல்லிட்டுப் போங்களேன். வாயில வர்ற ஒரு வார்த்தைதானே."

"வார்த்தைதான் சார். அதான் வாயில வரமாட்டேங்குது."

மேனேஜர் மெமோ கொடுத்தார். கொடுக்காவிட்டால் அவருக்கு மேலிருந்து வரும். அன்றிலிருந்து அந்த ஸ்டாப் வந்ததும் நான் டிரைவர் சீட்டிலிருந்து கத்த ஆரம்பித்தேன். என் குரல் பின்சீட் வரை போகாது. முன்னால் இருக்கிறவர்கள் பின்னால் சொல்லிக்கொள்வார்கள். இப்படியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

பிறகு டெப்போவுக்குப் புது வண்டிகள் வந்தன. எங்கள் பழைய வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது, பிரேக்கும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வயது முடிந்துவிட்டால் ரோட்டில் விடக்கூடாது என்று விதி. பைலட்டம்மா பணிமனை வாசலில் நின்று அதைக் கேட்டார். "முருங்கைக்காய்க் கட்டு ஏத்துற வண்டிக்கு ரூல் இருக்குது பாருங்கண்ணே" என்றார். அவ்வளவுதான்.

புது வண்டியில் ஸ்டாப் பெயரை மெஷினே சொல்லும். ஒரு பெண் குரல், தேன் தடவினாற்போல. அடுத்த நிறுத்தம், என்று இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, ஏரோப்ளேன் என்று சொல்லும். முதல் நாள் அது சொன்னபோது நான் கண்ணாடியில் பார்த்தேன். பைலட்டம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ட்ரிப் முடிந்ததும், "நல்ல கொரல்ண்ணே. யாரு பெத்த புள்ளையோ, எழுதிக் குடுத்ததைப் படிச்சிட்டுப் போயிருக்கா" என்றார். எனக்குக் கத்துகிற வேலை மிச்சம். அவருக்கு ஒரு நாளில் இத்தனை தடவை அதைக் கேட்கிற வேலை வந்தது.

அந்த வருடக் கடைசியோடு பழைய விமானங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம் என்று அறிவித்திருந்தார்கள். பிறகு புதுசு வரத் தாமதம் என்று இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்த நீட்டிப்பில் ஒன்று விழுந்தது. பைலட்டுக்கு வயது இருபத்தாறு.

டெப்போ கேன்டீன் டிவியில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஏரோப்ளேன் ஸ்டாப்பில் மெழுகுவத்தி ஏற்றினார்கள், பூ வைத்தார்கள். கூட்டத்தால் எங்கள் வண்டி அரைமணி நேரம் நின்றது. பைலட்டம்மா அந்த நேரமெல்லாம் பையில் இருந்த சில்லறையை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து என்னிடம் கேட்டார். "அண்ணே, அந்தப் புள்ள வீடு எந்த ஊருன்னு பேப்பர்ல போட்டிருக்கான். ஒரு லீவுல என்கூட வரீங்களா? இவரு வரமாட்டாரு."

"இப்பவே போகலாமே."

"இப்ப வேணாம். இப்ப வாசல் கொள்ளாத கூட்டமா இருக்கும். எல்லாம் ஓயட்டும். அதுக்கப்புறம் ஒரு நாய் எட்டிப் பாக்காது. அப்பப் போவோம்."

மூன்று பஸ் மாறிப் போனோம். அந்தப் பையனின் அம்மா கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். புருஷன் இல்லை. படிக்கிற மகள் ஒருத்தி. நாங்கள் போனபோது கடை திறந்திருந்தது, அவர் யாருடைய ஆதார் கார்டு நகலையோ எடுத்துக்கொண்டிருந்தார். பைலட்டம்மா போய் நின்று, "என் பையனும் அதே பிளேன்லதாங்க போனான்" என்றார். வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. அவர் மூடியைத் தூக்கியபடியே நின்றார். மெஷின் வெளிச்சம் வெறும் கண்ணாடியில் ஒரு தடவை ஓடி அடங்கியது.

ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். வாடிக்கைக்காரர் வரும்போதெல்லாம் எழுந்து போய் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பேசினார். பையன் சின்ன வயதில் இந்த மெஷினில் தன் கையை வைத்து நகல் எடுத்துத் திட்டு வாங்கியதைச் சொன்னார். பிறகு, "விசாரணை நடக்குதுங்கறாங்க. என்னங்க சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

பைலட்டம்மா உடனே சொன்னார். "மெஷின் கோளாறுன்னுதான் சொல்லுவாங்க. அத்தனையும் பழசுன்னு ஊருக்கே தெரியுமே. வேற என்னத்தைச் சொல்லிட முடியும்?"

"உங்க பையனுக்கும் அப்படித்தான் சொன்னாங்களா?"

"ஆமா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் அம்மா பெருமூச்சு விட்டார். அவர் முகத்தில் அப்படியொரு ஆறுதல். "அது போதுங்க. அவன் மேல ஒண்ணும் இல்லைன்னு ஆனா போதும்" என்றார்.

திரும்பி வரும்போது இரண்டாவது பஸ்ஸில்தான் பைலட்டம்மா வாயைத் திறந்தார். "பின்ன என்னண்ணே சொல்லச் சொல்றீங்க? விசாரணை முடியுற வரைக்குமாவது அவங்க தூங்கட்டும்."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் வாரத்துக்கு ஒருமுறை பேசிக்கொண்டார்கள். சமையல், மகள் படிப்பு, மூட்டு வலி. பையன்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அந்த அழைப்பு வருகிற நாளில் பைலட்டம்மாவின் விசில் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். வீட்டுக்காரரோடுகூட அந்த நாட்களில் இணக்கமாக இருந்தார் என்று நினைக்கிறேன். அவர் ஏரோப்ளேனைத் துடைத்துவிட்டு வந்தால் வெந்நீர் வைத்துக் கொடுத்ததாக ஒருமுறை சொன்னார்.

ஒரு வாரம் அந்த அழைப்பு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"டிவில ஓடுதுங்க" என்றது ஜெராக்ஸ் அம்மாவின் குரல். "மனிதத் தவறாம்."

பைலட்டம்மா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

"உங்க பையனுக்கும் இதையேதான் சொல்லிருக்காங்க. என் பொண்ணு இப்பத்தான் பழசை எல்லாம் தேடிப் பாத்துச் சொன்னா. உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என் கடையில உக்காந்து அப்படிச் சொன்னீங்களா? நான் அதை நம்பி கடைக்கு வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொன்னேங்க. என் பையன் மேல தப்பில்லைன்னு எழுதப் போறாங்கன்னு. இப்ப அத்தனை பேரும் வந்து கேப்பாங்க. நான் யாரு மூஞ்சியில முழிக்கிறது?"

"நீங்க கொஞ்ச நாளாவது..."

"எனக்கு முன்னாடியே சொல்லிருந்தா நான் மனசைக் கல்லாக்கிட்டு உக்காந்திருப்பேன். அவங்க ஒரு தடவை ஏமாத்துனாங்க. நீங்க ஒரு தடவை ஏமாத்துனீங்க."

போன் அணைந்தது. பைலட்டம்மா தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். அடுத்த வாரம் அவர் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, கூப்பிடாமலேயே பைக்குள் போட்டார். "அவங்க சொன்னது சரிதான்" என்று என்னிடம் சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "வேணாம்ணே. நீங்களும் நல்லதுக்குன்னு ஏதாவது சொல்லிடாதீங்க" என்றார்.

அப்புறம் புது விமானங்கள் வந்தன. ஒன்றிரண்டு அணிவகுப்பில் பறந்தன, மீதி எப்போது என்று தேதி சொல்லாமல் இருந்தார்கள். ஒரு வழியாகப் பழசுகளுக்குக் கடைசி நாள் குறித்தார்கள். அதைப் பெரிய விழாவாக எடுத்தார்கள். இறந்த விமானிகளின் குடும்பங்களுக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். பைலட்டம்மா போகவில்லை. அவரைத் தடுக்கவும் இல்லை. "வெயில்ல உக்கார வைப்பாங்க, துண்டு எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம்.

கேன்டீனில் அதை நேரடியாகக் காட்டினார்கள். கடைசி விமானம் இறங்கி, மெதுவாக ஓடி வந்து நின்றது. இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைப் பீய்ச்சி வளைவு போட்டன. ஓய்வுபெற்ற அதிகாரிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அதன் மூக்கைத் தொட்டார்கள். ஒருவர் முத்தம் கொடுத்தார். பேண்டு வாசித்தது. பின்வரிசை நாற்காலிகளை ஒரு நொடி காட்டியபோது கேன்டீன்காரர், "பைலட்டம்மா, உங்க வீட்டுக்காரரு" என்றார். அவர் பார்ப்பதற்குள் படம் மாறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அந்த நம்பரை நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் பார்த்திருக்கவில்லை.

"டிவி பாக்கறீங்களா?" என்றார் ஜெராக்ஸ் அம்மா. நலம் விசாரிக்கவில்லை, பழையதைப் பேசவில்லை.

"பாத்துகிட்டுதான் இருக்கேன்."

"அழறாங்க."

"யாரு?"

"அங்க நிக்கிற ஆபீசருங்க. கண்ணைத் தொடைக்கிறாங்க பாருங்க. பிளேனுக்காக."

பைலட்டம்மா டிவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மைதான். அன்று பெட்டியோடு வந்த பெரிய அதிகாரி வரிசையில் மூன்றாவதாக நின்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர்கள் கடை டிவியின் பேண்டு சத்தம் கேட்டது. எங்கள் டிவியின் பேண்டுக்கு ஒரு நொடி பிந்தி.

"வண்டி எடுக்குற நேரமாச்சு" என்றார் பைலட்டம்மா. "அடுத்த வாரம் கூப்பிடறேன். எடுப்பீங்களா?"

"தெரியலைங்க" என்றார் அவர். "கூப்பிட்டுப் பாருங்க."